வாள்பல் ஹாப்லோஃபோனியஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் பழங்கால விலங்குகளைப் பற்றிப் பேசும்போது, வாள்பல் விலங்கின் படத்தைக் காட்டிய உடனே கைகள் உயர்ந்துவிடும். டைனோசரைவிட இதற்குத்தான் கேள்விகள் அதிகம். எல்லோருக்கும் தெரிந்த ஸ்மைலோடனைவிட, ஹாப்லோஃபோனியஸ் என்ற பழைய பேரினத்தைப் பற்றிச் சொல்வதில்தான் எனக்கு விருப்பம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சிக்கலானவை போகப் போக வரும்.

ஹாப்லோஃபோனியஸ்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

பூனை போன்ற உடலும் வாள் போல நீண்ட மேல் கோரைப்பற்களும் கொண்ட ஊனுண்ணி. ஏறத்தாழ 3.8 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது. நிம்ராவிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து விலங்குகளை நிம்ராவிட்கள் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் இன்று ஒரு விலங்குகூட மிஞ்சவில்லை.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் பரவியிருக்கும் ஒயிட் ரிவர் பாறைப் படிவுகளில்தான் இதன் எலும்புகள் அதிகம் கிடைத்தன. இதன் சிற்றினங்களில் ஒன்றை ஜோசப் லெய்டியும் டேவிட் டேல் ஓவனும் 1851லேயே விவரித்துவிட்டார்கள். ஆனால் அப்போது அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்கள். ஹாப்லோஃபோனியஸ் என்ற தனிப்பெயரை 1874இல் சூட்டியவர் எட்வர்ட் டிரிங்கர் கோப்.

இதுதான் சேபர் டூத் டைகரா?

அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்மைலோடன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள லா பிரேயா தார்க் குழிகளில் குவியல் குவியலாகக் கிடைத்தது அதுதான். அது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை உயிரோடு இருந்தது, மனிதர்கள் அதை நேரில் பார்த்திருக்கிறார்கள். ஹாப்லோஃபோனியஸ் அதற்கு ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள் முந்தையது.

இரண்டுமே புலி இல்லை. ஸ்மைலோடனாவது பூனைக் குடும்பத்தில் ஒரு தனிக் கிளை. ஹாப்லோஃபோனியஸ் அந்தக் குடும்பத்திலேயே சேராது.

பார்த்தா பூனை மாதிரியே இருக்கு. பூனை இல்லைனு எதை வச்சு சொல்றீங்க?

மிக நல்ல கேள்வி. வெளித்தோற்றத்தை வைத்துப் பார்த்தால் யாரும் பூனை என்றுதான் சொல்வார்கள். குட்டையான முகம், உள்ளிழுக்கக்கூடிய நகங்கள், இறைச்சியை வெட்டும் கடைவாய்ப் பற்கள் எல்லாம் பூனையைப் போலவே இருக்கின்றன. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மண்டையோட்டைத் தலைகீழாகப் புரட்டி, காது இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

இன்றைய பூனைகளின் நடுக்காதை ஓர் எலும்புக் குமிழ் மூடியிருக்கும். அந்தக் குமிழின் உள்ளே மெல்லிய எலும்புத் தடுப்பு ஒன்று எழுந்து, அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கும். வீட்டுப் பூனை, சிங்கம், சிறுத்தை எல்லாவற்றிலும் இது உண்டு. நிம்ராவிட்களில் பூனைகளுக்கு உரிய அந்தத் தடுப்பு இல்லை. மண்டையோட்டின் அடிப்பகுதியில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நுழையும் துளைகளின் அமைப்பும் மாறுபடுகிறது. வேட்டைக்கு ஏற்றபடி பல்லும் நகமும் வேகமாக மாறக்கூடியவை. காதின் உட்புறம் அப்படி எளிதில் மாறாது என்பதால், உறவைத் தேடும்போது ஆய்வாளர்கள் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள்.

காலமும் பொருந்தவில்லை. பூனைக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினராகக் கருதப்படும் ப்ரோஐலூரஸ் ஐரோப்பாவில் தலைகாட்டியது ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்குள் ஹாப்லோஃபோனியஸ் தன் காலத்தை முடித்துக்கொண்டிருந்தது.

அப்போ நம்ம புலி, சிங்கத்துக்கெல்லாம் இது கொள்ளுத்தாத்தாவா?

இல்லை. வாரிசு விடாமல் முடிந்துபோன வேறொரு வம்சம் இது. பூனை, கழுதைப்புலி, கீரி ஆகியவை அடங்கிய பெரும் கிளையின் அடிவாரத்தில் இதை வைப்பவர்கள் உண்டு. இன்னும் கீழே, நாய்க் கிளையும் பூனைக் கிளையும் பிரியும் இடத்துக்கு அருகில் வைப்பவர்களும் உண்டு. எங்கே வைத்தாலும் புலியின் நேர் மூதாதையாக வராது.

டைனோசரோட சண்டை போட்டிருக்குமா?

வாய்ப்பே இல்லை. பறவைகளைத் தவிர மற்ற டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டன. முதல் ஹாப்லோஃபோனியஸ் பிறந்தது அதற்கும் 2.8 கோடி ஆண்டுகள் கழித்து.

எவ்வளவு பெருசா இருந்துச்சு? படத்துல யானை மாதிரி காட்டுறாங்களே.

படங்களில் மிகைப்படுத்திவிடுகிறார்கள். பிரைமீவஸ் என்ற சிற்றினத்தின் மண்டையோடு சுமார் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். உடல் பெரிய காட்டுப்பூனைக்கும் சிறுத்தைக்கும் இடைப்பட்டது. ஆக்சிடென்டாலிஸ் என்பது பெரிய சிற்றினம். அதைச் சிறுத்தை அளவுக்கு மதிப்பிடலாம். கால்கள் சிறுத்தையைவிடக் குட்டை, உடல் தடித்தது, வால் நீளம். ஸ்மைலோடனுக்கு வால் குட்டை என்பதால், எலும்புக்கூடுகளை அடுத்தடுத்து வைத்தால் இந்த வேறுபாடு உடனே கண்ணில் படும்.

3 கோடி வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கார்பன் டேட்டிங்தானே?

கார்பன்-14 முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. அதற்குள் அந்தக் கார்பன் முழுக்கச் சிதைந்துபோய்விடும்.

இங்கே கைகொடுப்பது எரிமலைச் சாம்பல். மேற்கே நெவாடா, யூட்டா பக்கம் வெடித்த எரிமலைகளின் சாம்பல் காற்றில் பறந்து வந்து டகோட்டா சமவெளியில் அடுக்கடுக்காகப் படிந்தது. அந்தச் சாம்பலில் உள்ள சின்னஞ்சிறு படிகங்களுக்குள் யுரேனியம், பொட்டாசியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் இருக்கின்றன. அவை எந்த வேகத்தில் சிதையும் என்பது துல்லியமாகத் தெரியும், ஆகவே சாம்பல் விழுந்த காலத்தைக் கணக்கிட்டுவிடலாம். எலும்புக்கு மேலே ஒரு சாம்பல் அடுக்கும் கீழே ஒன்றும் இருந்தால், விலங்கு வாழ்ந்த காலம் அந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். ஒயிட் ரிவர் படிவுகளில் உச்சியை ஒட்டி வரும் ராக்கிஃபோர்ட் சாம்பல் அடுக்குக்கு வயது ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள். அது அந்த வட்டாரத்தில் கண்ணாலேயே அடையாளம் காணக்கூடிய வெளிர்நிறப் பட்டை.

அது வாழ்ந்த இடம் எப்படி இருந்துச்சு? காடா, பாலைவனமா?

இன்று அந்த இடம் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. புல் அதிகம் முளைக்காத, மழை அரித்துக் கூர்கூராக நிற்கும் மண்மலைகள். ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. மண் கரைகிறது. அதனால்தான் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிய எலும்புகள் வெளியே தலைநீட்டுகின்றன.

அன்று கதை வேறு. ஹாப்லோஃபோனியஸ் தோன்றிய சமயத்தில் அங்கே வெப்பமும் ஈரமும் மிகுந்த காடு இருந்தது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பெரும் பனிப்படலம் உருவானது, உலகமே குளிர்ந்தது. காடு மெல்ல விலகி, ஆற்றோரம் மரங்களும் இடையில் திறந்த வெளியுமாக நிலம் மாறியது. அந்த மாற்றத்தின் இரு பக்கத்திலும் இந்த விலங்கு வாழ்ந்திருக்கிறது. இதன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கூட வாழ்ந்தவை யார் யார்? ஆட்டின் அளவுள்ள ஓரியோடான்ட்கள் மந்தை மந்தையாக மேய்ந்தன. காலுக்கு மூன்று விரல் கொண்ட குட்டிக் குதிரையான மெசோஹிப்பஸ், தோள் உயரம் ஏறத்தாழ 60 செ.மீ. மட்டுமே. திமிலில்லாத சிறு ஒட்டகம், கொம்பில்லாத காண்டாமிருகம், நாய்க் குடும்பத்தின் ஆரம்ப உறுப்பினரான சின்ன ஹெஸ்பெரோசையான், நில ஆமைகள் எல்லாம் இருந்தன. பன்றிபோல் தோற்றமளிக்கும் பெரிய ஆர்க்கியோதீரியம், வலிய தாடை கொண்ட ஹையனோடான் ஆகிய போட்டியாளர்களும் உண்டு. டினிக்டிஸ் என்ற மற்றொரு நிம்ராவிடும் அதே நிலத்தில் வேட்டையாடியது. அதன் வாள்பல் சற்றுக் குட்டை.

அவ்வளவு நீளப் பல்லை வச்சுக்கிட்டு வாயை எப்படித் திறந்துச்சு?

சிங்கம் வாயை அதிகபட்சம் 65, 70 பாகை அளவுக்குத் திறக்கும். அந்த அளவு திறந்தால் ஹாப்லோஃபோனியஸுக்கு மேல்பல்லின் முனைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையில் இரையை நுழைக்கப் போதிய இடம் இருந்திருக்காது. அதனால் அதன் தாடை சுமார் 90 பாகை வரை விரியும்படி அமைந்திருந்தது.

மண்டையோட்டின் வார்ப்புப் பிரதி ஒன்று கையில் கிடைத்தால், கீழ்த்தாடையின் பின்முனையைப் பாருங்கள். தாடையை மூடும் தசை பற்றிக்கொள்ள அங்கே மேல்நோக்கி எழும் எலும்பு ஒன்று உண்டு. சிறுத்தையில் அது உயரமாக நிற்கும். ஹாப்லோஃபோனியஸில் குட்டையாக இருக்கும். உயரம் குறைந்தால்தான் தசை கிழியாமல் வாய் அகலமாகத் திறக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு, மூடும் விசை குறைந்துவிடும். அந்தக் குறையை எது ஈடுகட்டியது என்பது அடுத்த பதிலில்.

பல் உடைஞ்சு போகாதா? எலும்புல பட்டா என்ன ஆகும்?

உடையும். கோரைப்பல்லை மேலிருந்து பார்த்தால் அது வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் தட்டையாக இருப்பது தெரியும். விளிம்புகளில் நுண்ணிய ரம்பப் பற்கள். கத்தியை நேராகச் செருகலாம், செருகிய பிறகு பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்துவிடும். இந்தப் பல்லும் அப்படித்தான்.

ஆகவே துள்ளும் இரையைக் கடித்து உலுக்கும் வழக்கம் இதற்கு இருந்திருக்க முடியாது. முதலில் பலமான முன்னங்கால்களால் இரையைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அது அசையாத நிலைக்கு வந்த பிறகு, எலும்பு குறைவாக உள்ள தொண்டையில் பல்லை இறக்க வேண்டும். அப்போது தாடைத் தசையைவிட அதிகம் உழைத்தவை கழுத்துத் தசைகள். தலை முழுவதையும் கீழ்நோக்கி இழுத்து அழுத்தியவை அவைதான். ரத்தக் குழாயும் மூச்சுக்குழலும் அறுபட்டால் இரை சீக்கிரம் சாய்ந்துவிடும். முன்பு சொன்ன குட்டைக் கால்களும் இங்கே பொருந்திப் போகின்றன. நீண்ட தூரம் துரத்தாமல், மறைந்திருந்து பாய்ந்து பிடிக்கும் வேட்டைக்கு ஏற்ற உடல் இது.

கீழ்த்தாடையில மோவாய்க்குக் கீழே தொங்குற தகடு எதுக்கு?

வாய் மூடியிருக்கும்போது மேல் கோரைப்பல் இந்த எலும்புத் தகட்டின் வெளிப்பக்கமாக ஒட்டி நிற்கும். பல்லுக்குப் பக்கவாட்டில் ஓர் ஆதரவு, அடிபடாமல் காக்கும் காப்பு என்பது வழக்கமான விளக்கம். ஹாப்லோஃபோனியஸில் இது தெளிவாக வளர்ந்திருக்கிறது, ஸ்மைலோடனில் ஏறக்குறைய இல்லை. படத்தில் இருப்பது எந்த விலங்கு என்று அடையாளம் காண இது சுலபமான வழி.

குட்டிக்கும் வாள்பல் இருக்குமா?

இருக்கும். பால்பல்லே சிறிய வாள் வடிவில்தான் முளைத்தது. அது மற்ற பால்பற்கள் விழுந்த பிறகும் வெகுநாள் தங்கியிருக்கும். நிரந்தர வாள்பல் அதன் உட்பக்கமாக இறங்கி வரும். இரண்டும் அருகருகே நிற்கும் காலம் ஒன்று உண்டு. புதிய பல் உறுதி பெறும்வரை பழையது பக்கத்துணையாக நின்றிருக்கிறது. ஸ்மைலோடன் குட்டிகளிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கிறோம்.

தங்களுக்குள்ளயே சண்டை போட்டதா சொல்றாங்களே, அதுக்கு ஆதாரம் இருக்கா?

இருக்கிறது, எலும்பிலேயே இருக்கிறது. 2010இல் பேட்லாண்ட்ஸ் பூங்காவுக்குச் சுற்றிப் பார்க்க வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே மண்ணில் எலும்பு ஒன்று தெரிவதைக் கவனித்தாள். அதைத் தொட்டுப் பிடுங்காமல் பூங்கா ஊழியர்களிடம் போய்ச் சொன்னாள். தோண்டிப் பார்த்தபோது அது ஹாப்லோஃபோனியஸின் மண்டையோடு. சுத்தம் செய்த பிறகு அதில் கடித்த தடங்கள் தெரிந்தன. கடித்தது இன்னொரு நிம்ராவிட்.

வேறொரு புகழ்பெற்ற சான்றும் உண்டு. நிம்ராவஸ் என்ற உறவுக்கார விலங்கின் மண்டையோட்டில், நெற்றிப் பகுதியை ஒரு வாள்பல் துளைத்திருக்கிறது. அந்தத் துளையின் ஓரத்தில் எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. அத்தனை பெரிய காயத்துக்குப் பிறகும் அது பிழைத்து வாழ்ந்திருக்கிறது! எலும்பில் பட்டால் பல் உடையும் என்று மேலே சொன்னேன். அந்த ஆபத்தையும் மீறி இவை ஒன்றையொன்று மண்டையிலேயே கடித்திருக்கின்றன என்றால், இரைக்காகவோ இடத்துக்காகவோ அவற்றுக்குள் இருந்த போட்டி எத்தனை கடுமையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்புல வரி இருந்துச்சா, புள்ளி இருந்துச்சா?

ஹாப்லோஃபோனியஸின் தோலோ முடியோ கிடைத்ததில்லை. படங்களில் வரும் நிறம் ஓவியரின் கற்பனை. புதர் நிறைந்த இடத்தில் மறைந்து வேட்டையாடும் விலங்கு என்பதால் புள்ளியோ கறையோ வரைகிறார்கள். அது நியாயமான ஊகம்.

முடியோடு கிடைத்த ஒரே வாள்பல் விலங்கு ஹோமோதீரியம். பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் குட்டி ஒன்று 2020இல் சைபீரியாவின் யாகூத்தியாவில் உறைநிலத்தில் கிடைத்தது. அதன் விவரங்கள் 2024இல் வெளியாயின. பிறந்து மூன்று வாரமே ஆன அந்தக் குட்டிக்கு அடர்ந்த கரும்பழுப்பு ரோமம். 30,000 ஆண்டுகளுக்கும் மேல் பனிக்குள் கிடந்தும் மீசை மயிர்கூட அப்படியே இருக்கிறது. ஆனால் அதை வைத்து, 3 கோடி ஆண்டு முந்திய வேறொரு குடும்பத்தின் நிறத்தைச் சொல்ல முடியாது.

பல் ரொம்ப நீளமா வளர்ந்து வாயைத் திறக்க முடியாம அழிஞ்சு போச்சாமே?

இது பழைய கதை, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹாப்லோஃபோனியஸ் பேரினம் ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள் நிலைத்திருந்தது. நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம்தான். 80 லட்சம் ஆண்டுகள் வேலை செய்த பல்லைப் பழுதான பல் என்று எப்படிச் சொல்வது?

குளிர்ந்து வறண்ட நிலமும் மாறிய இரை விலங்குகளும் காரணம் என்று கருதுவதே பொருத்தம். மறைந்து பாய்வதற்குப் புதர் வேண்டும், திறந்த வெளி கூடக் கூட அந்த வாய்ப்பு சுருங்கும். நிம்ராவிட்களின் மற்ற பேரினங்களும் பின்னால் ஒவ்வொன்றாக வட அமெரிக்காவிலிருந்து மறைந்தன. அதன்பின், சுமார் 2.5 கோடி முதல் 1.85 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, அந்தக் கண்டத்தில் பூனை போன்ற விலங்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஆய்வாளர்கள் இதைப் பூனை இடைவெளி என்கிறார்கள். ஆசியாவிலிருந்து உண்மையான பூனைகள் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த இடம் நிரம்பியது.

நம்ம நாட்டுல இது இருந்துச்சா?

ஹாப்லோஃபோனியஸ் இந்தியாவில் கிடைத்ததில்லை. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகள்தான் நம் நாட்டில் பாலூட்டி எலும்புகளுக்குப் பேர்போனவை. ஆனால் அவற்றின் மிகப் பழைய அடுக்குகளே 2 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை. அதாவது ஹாப்லோஃபோனியஸ் போய் வெகுகாலம் ஆன பிறகு படிந்த மண். அதே சிவாலிக்கில் மெகன்டெரியான் என்ற வாள்பல் பூனை கிடைத்திருக்கிறது. வாள்பல் விலங்கு இந்திய மண்ணில் திரிந்ததா என்று கேட்டால், தாராளமாக ஆம் என்று சொல்லலாம்.

சொந்தமில்லாத விலங்குகளுக்கு ஒரே மாதிரிப் பல் எப்படி வரும்?

ஒரே மாதிரியான வேலைக்கு ஒரே மாதிரியான கருவி உருவாவதைக் குவி பரிணாமம் என்கிறோம். வாள்பல் அதற்கு அருமையான எடுத்துக்காட்டு, ஏனென்றால் இது ஒன்றிரண்டு தடவை நடந்ததில்லை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களுக்கும் முந்தி, கோர்கனாப்சியன்கள் என்ற விலங்குகளுக்கு வாள்பல் இருந்தது. 4.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த டியகோஐலூரஸ், இன்றைய ஊனுண்ணி வரிசையிலேயே சேராத ஒரு வாள்பல் விலங்கு. அதன்பின் நிம்ராவிட்கள், பிறகு பூனைகள். தென் அமெரிக்காவில் தைலகோஸ்மைலஸ் என்ற விலங்குக்கு மிக நெருங்கிய இன்றைய உறவு பைப்பாலூட்டிகள். அதற்கு வாள்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருந்தது. மோவாய்த் தகடுகூட ஹாப்லோஃபோனியஸுக்கு இருப்பதைப் போலவே தொங்கியது.

டி.என்.ஏ. எடுத்துத் திரும்ப உருவாக்க முடியாதா?

முடியாது. இதுவரை மீட்கப்பட்ட மிகப் பழைய டி.என்.ஏ. துணுக்குகளுக்கே வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள், அவையும் கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்தவை. பேட்லாண்ட்ஸ் எலும்புகளில் கனிமம் ஏறி அவை கல்லாகவே மாறிவிட்டன. ஹோமோதீரியத்தின் மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டார்கள், ஆனால் அது பனியுகத்து விலங்கு.

ஒரு புத்தகத்துல பார்போரோஃபெலிஸ் இதோட குடும்பம்னு இருக்கு, இன்னொன்னுல தனிக் குடும்பம்னு இருக்கு. எது சரி?

இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரியாக எழுதப்பட்டவை. பார்போரோஃபெலிஸ் மிக நீண்ட வாள்பல்லும் பெரிய மோவாய்த் தகடும் கொண்டது, ஹாப்லோஃபோனியஸுக்கு வெகுகாலம் பின்னால் வந்தது. 1970இல் பெயரிடப்பட்ட அதைப் பின்னர் நிம்ராவிட்களோடு வைத்தார்கள். 2000க்குப் பிறகு, அது பூனைகளுக்கு நெருக்கம் என்று சொல்லித் தனிக் குடும்பமாக்கினார்கள்.

2020இல் சீனாவின் நிங்ஷியா பகுதியிலிருந்து ஓரியன்ஸ்மைலஸ் என்ற அதன் உறவு விலங்கு விவரிக்கப்பட்டது. அதன் நடுக்காதில், முன்பு சொன்ன பூனைத் தடுப்பு இல்லை! 2021இல் பால் பேரெட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட விரிவான பகுப்பாய்வும் பார்போரோஃபெலிஸ் வகையை நிம்ராவிட்களோடுதான் சேர்த்தது. இப்போதைக்கு அந்தப் பக்கம்தான் வலு அதிகம் என்று நினைக்கிறேன். அதே ஆய்வு ஹாப்லோஃபோனியஸுக்கும் யூஸ்மைலஸ் என்ற இன்னொரு நிம்ராவிட் பேரினத்துக்கும் இடையிலான எல்லையையும் மாற்றி வரைந்திருப்பதால், பழைய நூல்களில் உள்ள சிற்றினப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மண்டையோடு நெட்ல விக்கிறாங்க. வாங்கலாமா? சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் தனியார் நிலத்தில், நில உரிமையாளர் சம்மதத்தோடு எடுத்த எலும்பை விற்கலாம். தேசியப் பூங்கா போன்ற மத்திய அரசு நிலத்தில் முதுகெலும்பிகளின் எலும்பை அனுமதியின்றி எடுப்பது குற்றம். 2009ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் விற்பனைக்கு வரும் எலும்பு எந்த நிலத்திலிருந்து வந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உடைந்த இடங்களைப் பசையால் நிரப்பி, வேறொரு விலங்கின் பல்லைப் பொருத்தி விற்பதும் நடக்கிறது.

எடுத்த இடமும் அடுக்கும் பதிவாகாத எலும்பு, சாம்பல் அடுக்கு பற்றி மேலே சொன்ன காலக்கணக்குக்குப் பயன்படாமல் போய்விடும். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பள்ளிக்கோ வீட்டுக்கோ வேண்டுமென்றால் வார்ப்புப் பிரதி வாங்குங்கள். தாடையின் பின்முனை, மோவாய்த் தகடு, தட்டையான கோரைப்பல் மூன்றையும் அதிலேயே தொட்டுப் பார்க்கலாம். அடிப்பக்கமும் முழுமையாக வார்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், காதுப் பகுதி அங்கேதான் இருக்கிறது.